குங்குமம் வைத்த நட்டு

கோயம்புத்தூர்க்காரர் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தால், நட்டு 'கிரீச்' என்று அழும் வரை விட மாட்டார். அதற்கு மேலும் ஒரு இழுப்பு இழுப்பார் (அது மனத்திருப்திக்கு). இப்படி இறுக்கிய மோட்டார் பம்ப் தலைமுறைக்கும் ஓடும், சந்தேகமே இல்லை. ஆனால் மோட்டார் பம்ப் ஆகாயத்தில் பறப்பதில்லை.

என் கணவர் பம்ப் பட்டறை வைத்திருந்தார். தொண்ணூறுகளில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், கிணத்துக்கடவில் எங்கள் கொப்பரைக் குடோனுக்குள் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பொம்மை இல்லை. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி, இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். ஓட்டக் கற்று உரிமம் வாங்கி, அனுமதிகளுக்கும் அலைந்து முடித்திருந்தார். மற்றவர்கள் தோப்பு வாங்குகிற வயதில் இவருக்கு இந்த ஆசை.

அவர் இறுக்கிய முதல் போல்ட் பட்டென்று அறுந்து கையோடு வந்தது. அன்றே அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. நான் பீளமேட்டுக் கல்லூரியில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவள் (வகுப்பிலேயே நான் ஒருத்திதான் பெண் என்பதைச் சம்பந்தமில்லாத இடத்திலும் சொல்லிவிடுவேன்). விமானத்தோடு வந்த விளக்கப் புத்தகம் எனக்குப் பிடித்துப்போயிற்று. இறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாமல் ரப்பர் பேண்ட் மாதிரி நீளுமாம். அந்த இழுவைதான் இரண்டு பாகங்களையும் பிடித்துவைக்குமாம். குறைந்தால் கழன்றுவிடும், கூடினால் அறுந்துவிடும், மரையில் எண்ணெய் பட்டாலோ கணக்கே மாறிவிடும். இதை ஒரு வாத்தியார்கூட இப்படிச் சொல்லித் தரவில்லையே என்று வியந்தபடி, எவ்வளவு இறுக்கினோம் என்று முள் காட்டும் டார்க் ரெஞ்சோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு நட்டையும் இறுக்கி முடித்ததும், அதிலிருந்து பக்கத்துத் தகடு வரை ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். பிற்பாடு நட்டு நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கென்று வந்த சாயம் காய்ந்துபோயிருந்ததால் என் கல்யாண நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மாமியார் எட்டிப் பார்த்து, இந்தச் சிவப்பு எதற்கு என்று கேட்டார். மகன் பறக்கப் போவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது. பொறுமையாக விளக்கியிருக்கலாம். இவருக்கு என்ன புரியப்போகிறது என்ற திமிரில் சுருக்கிவிட்டேன்.

"செகப்பு இருந்தா பயமில்லீங்க அத்தை. ஒண்ணும் ஆவாது."

ஆயுத பூஜை வந்தது. இடது இறக்கை முடிந்திருந்தது. வலது இறக்கையில் நட்டுகளைக் கையால் திருகி மட்டும் வைத்திருந்தேன். அதற்குள் கருவிகளோடு டார்க் ரெஞ்சையும் வாங்கிப்போய், சந்தனம் பூசிச் சாமி முன்னால் படுக்கவைத்துவிட்டார்கள். மறுநாள் விஜயதசமியன்று பூஜை முடித்து எடுக்கும் வரை தொடக் கூடாது. எடுத்ததும் மிச்சத்தை முடித்து, நல்ல நேரத்தில் விமானத்தைக் கிளப்புவதாக ஏற்பாடு.

விடியற்காலையிலேயே பூஜை முடித்துக் கருவிகளை எடுத்துவிட்டார்கள். விடிந்ததும் சொந்தபந்தமெல்லாம் ஜீப்புகளில் வந்து இறங்கிவிட்டது. நான் பட்டுப்புடவையோடு இட்லி பரிமாறிக்கொண்டிருந்தேன். நடுவில் கணவரைப் பிடித்து, வலது பக்கம் என்ன ஆயிற்று என்றேன். பார்த்தாயிற்று, எல்லாவற்றிலும் சிவப்பு இருக்கிறது என்றார். அவரே முடித்துவிட்டார் என்று எனக்கு நிம்மதி. நான் ஏற்கெனவே முடித்துவிட்டேன் என்று அவருக்கு நிம்மதி.

விமானத்தை வெளியே தள்ளி நிறுத்தினார்கள். அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். சித்தப்பா பெரியப்பா முறைக்காரர்களைச் சுற்றி நிறுத்தி, போல்ட் நீளும் கதையில் ஆரம்பித்து ஒரு பிரசங்கமே செய்தேன். இந்தச் சிவப்பு விலகாமல் இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம் எனச் சொல்லி, வலது இறக்கையைத் தாங்கும் கம்பியின் நட்டில் விரலை வைத்தேன்.

விரலில் குங்குமம் ஒட்டியது. கூடவே நட்டும் சுற்றியது.

அடுத்ததைத் தொட்டேன். குங்குமம் ஒட்டுவதற்காகத் தேங்காயெண்ணெய் வேறு தொட்டுவைத்திருந்ததால் அது இன்னும் சுகமாகச் சுற்றியது. கணவர் அப்படியே மேலே போயிருந்தால் இறக்கையே கழன்றிருக்கும். என்ஜினைப் போட வேண்டாம் என்று கத்தினேன்.

மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "பாதிக்குத்தான் செகப்பு இருந்துது கண்ணு. மனசு கேக்குல. நாந்தான் மிச்சத்துக்கெல்லாம் வெச்சுப்போட்டேன்."

அவரை என்ன சொல்ல? நான் சொன்னதை அப்படியே நம்பி, மகனைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்.

அதற்குள் கணவரின் பெரியப்பா, நல்ல நேரம் போகிறது, ஆளுக்கொரு இழுப்பு இழுத்துவிடலாம் என்றார். உடனே ஜீப்புகளிலிருந்து ஸ்பேனர்கள் வந்துவிட்டன (எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வருகிற வண்டியிலும் ஸ்பேனர் இருக்கும்). ஒரு சித்தப்பா ஸ்பேனர் பிடியில் மாட்டி இழுக்க ஒரு பைப்பும் கொண்டுவந்தார். அதுவரை அவர்கள் முன்னால் குரல் உயர்த்தாத புது மருமகள், இறக்கைக்குக் குறுக்கே கையை விரித்து நின்றேன்.

"ஏனுங்க, யாரும் தொடாதீங்க. தொட்டா கைய ஒடச்சுப்போடுவேனுங்க."

மரியாதையில் குறை வைக்காததாலோ என்னவோ, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வடை பாயசத்தோடு கூட்டம் கலைந்தது.

பிறகு இரண்டு இறக்கைகளிலும் போல்ட்டுகளைக் கழற்றி, பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, புது நட்டுகள் வரவழைத்து, முதலிலிருந்து இறுக்கினேன். மாமியார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். இந்த முறை எதையும் சுருக்கவில்லை. கணவர் பறக்கக் கிளம்பிய காலையில் மாமியார் என்னிடம் கேட்டார்:

"எல்லாங் கெட்டிதானா அம்மணி?"

"கெட்டிதானுங்க அத்தை."

"அப்ப நீயும் ஏறி உக்காரு."

முதல் முறை ஓட்டுகிறவர் மட்டும்தான் போக வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் கணவர் பக்கத்தில் இருந்த காலி இருக்கையில் என்னை வைத்துப் பார்த்தேன். திரும்பிப் போய் டார்க் ரெஞ்சை எடுத்துவந்து, முதல் நட்டிலிருந்து மறுபடியும் சரிபார்த்தேன். அதன் பிறகுதான் விதியைச் சொன்னேன். கணவர் தனியாகக் கிளம்பி, தென்னைகளுக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, பத்திரமாக இறங்கினார். அத்தையும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் லேசில் உத்தரவாதம் கொடுக்க முடியாது. பழைய காரை விற்க வந்தவர், சம்பந்தம் பேச வந்த தரகர், எல்லோரையும் அத்தை இதே மாதிரி மடக்கிவிடுவார். போன மாதம் வீட்டில் லிஃப்ட் போட்டோம். பொருத்திய மெக்கானிக், எல்லாம் பக்கா, தைரியமாக ஏறுங்கள் என்றார்.

"அப்ப நீயும் ஏறு தம்பி" என்றார் அத்தை.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே உள்ளே ஒரு காலை வைத்தார். அப்புறம் அந்தக் காலை வெளியே எடுத்து, பையைத் திறந்து ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார்.