எனக்கு முந்திக்கொண்டு புகார் சொன்னவர்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் வெர்லின் அவர்களுக்கு,

வடக்கு டகோட்டாவிலிருந்து உன் அத்தான் செல்மர் ஹாகென் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா மார்டிஸும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஏரிக்கரைக் குடிலில் நீயும் உன் நாயும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் அறுவடை முடிந்து, லாரிகள் சாலை முழுக்கச் சேற்றை அப்பிவிட்டுப் போயிருக்கின்றன. முதல் பனி இன்னும் விழவில்லை. இதையெல்லாம் முதலில் எழுதிவிடுவதுதான் முறை என்பதால் எழுதினேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் அவசரமானது. ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். இல்லாவிட்டால் அத்தானுக்கு மறை கழன்றுவிட்டது என்று உன் அக்காவைப் போலவே நீயும் சொல்லுவாய். உன் குடிலில் போன் கிடையாது, தூண்டில் கடைக்காரர் மனசு வைத்தால்தான் தபாலே உன் கைக்கு வரும் என்பதால் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை துப்பாக்கியைத் தொடாதே. ஏன் என்பது மூன்றாம் பக்கத்தில் வரும்.

எங்கள் நிலவறையில் இருக்கும் தோட்டா பிரஸ் உனக்குத் தெரியும். நீயே போன வருஷம் அதன் மேல் காபி டம்ளரை வைத்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். கைப்பிடியை இழுத்தால் தட்டு சுழலும். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டுக்குள் ஒரு பக்கம் பொறி கொடுக்கும் புதுக் கேப்பு ஏறும், அடுத்த பக்கம் வெடிமருந்து விழும், அதற்கடுத்த பக்கம் குண்டு உட்காரும், கடைசியில் தோட்டா தட்டில் விழும். இத்தனை வருஷமாக ஒழுங்காக ஓடியது, ஆகஸ்டில் கேப்பைக் கோணலாக ஏற்ற ஆரம்பித்தது. எண்ணெய் போட்டேன், திருகாணிகளை முறுக்கினேன், தளர்த்தினேன், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன் (உன் அக்காவின் பிரஷ், அது தனிக் கதை), பிறகு கொஞ்சம் திட்டியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கம்பெனிக்கே போன் போட்டேன். வாழ்நாள் முழுக்க உத்தரவாதம் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், யாருடைய வாழ்நாள் என்பதை மட்டும் போடவில்லை. நெடுநேரம் போனில் அக்கார்டியன் இசையைக் கேட்கவைத்துவிட்டு, லவோன் என்று ஒரு பெண் எடுத்தாள். என் பேரைச் சொன்னேன்.

"ஹாகென் சாரா? திங்கக்கெழம அனுப்புன ஸ்பிரிங் இன்னும் வந்து சேரலையா சார்?"

"எந்த ஸ்பிரிங்?"

"கேப்பைத் தள்ளுற கம்பிக்குக் கீழ இருக்குமே, அது. நீங்கதானே போன் பண்ணிக் கேட்டீங்க."

"நான் இன்னிக்குத்தாம்மா மொத தடவையா கூப்புடுறேன்."

அந்தப் பக்கம் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க சார்" என்றாள். என்னைப் போல ஓய்வுபெற்ற வயசான பஸ் டிரைவர்களிடம் எல்லோரும் சொல்லும் அந்தச் சரிங்க சார். மறுநாள் தபால் பெட்டியில் ஸ்பிரிங் இருந்தது. போட்டேன், பிரஸ் ஓடியது. சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் உன் அக்காவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நீங்கதான் கூப்புட்டிருப்பீங்க, மறந்திருப்பீங்க" என்றாள். அன்றிலிருந்து எனக்குப் பரீட்சை. காலையில் என்ன சாப்பிட்டீங்க, பாஸ்டர் பேரென்ன, கார் சாவி எங்கே. ஒரு நாள் நான் நல்ல மனநிலையில் இருக்கும்போது, "போன கிறிஸ்மஸுக்கு எனக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். அது எந்த வருஷமும் எனக்கு ஞாபகம் இருந்ததில்லை மச்சான், அதை நோயில் சேர்க்கக் கூடாது என்று வாதாடினேன். எடுபடவில்லை.

அப்புறம் நான் கேட்காமலே ஒரு பார்சல் வந்தது. கைப்பிடியைத் தண்டோடு பூட்டுகிற இரும்பு நாக்கு. கண்டித்துவிடலாம் என்று போன் போட்டேன். லவோன் பொறுமையாகச் சொன்னாள்: "இடது பக்கம் ஒடைஞ்சிடுச்சுன்னீங்களே சார். மத்தியானம் வீட்டம்மா சாப்புடக் கூப்புட்டப்ப ஒடைஞ்சதுன்னு சொன்னீங்க." உடையவே இல்லையே என்றேன். "வச்சுக்கங்க சார், ஆகும்" என்றாள். கீழே போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மயிரிழைக் கீறல்கூட இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கைப்பிடியை முட்டையைத் தூக்குவது போல இழுத்தேன். உன் அக்காவிடம், தயவு செய்து என்னை மத்தியானம் சாப்பிடக் கூப்பிடாதே, நானே வாசனை பிடித்து வந்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. சில நாள் கூப்பிடாமல் இருந்தாள். ஒரு நாள் மறந்துபோய்ப் படி உச்சியிலிருந்து, "ஏங்க, அடுப்புலேர்ந்து எடுத்த ஹாட்டிஷ் ஆறுது" என்று குரல் கொடுத்தாள். என் கையில் டிக் என்று ஒரு சத்தம். கைப்பிடி தொங்கியது. இடது பக்கம். நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ஹாட்டிஷ் நிஜமாகவே ஆறிவிட்டது.

அடுத்த தடவை நான் போன் போட்டது, உன் அக்கா சர்ச்சில் மற்றப் பெண்களோடு லெஃப்சே ரொட்டி தேய்க்கப் போயிருந்த நாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, பட்டப்பகல். சமையலறைச் சுவர் போனில்தான் பேசினேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "என் பேரைச் சொல்லிக்கிட்டு உங்களைக் கூப்புடுறது யாரும்மா?"

"உங்க குரல்தான் சார். ஆனா..." என்று இழுத்தாள்.

"ஆனா என்ன?"

"தப்பா எடுத்துக்காதீங்க. அவரு கொஞ்சம் தன்மையாப் பேசுவாரு. என் முழங்கால் எப்படி இருக்குன்னு விசாரிப்பாரு. நன்றி சொல்லிட்டுத்தான் போனை வைப்பாரு."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. "உங்க முழங்காலுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"இப்பக் கேட்டு என்ன சார்" என்றாள். பிறகு, "வீட்டம்மாவா பிரஸ் ஓட்டுறாங்க? பின்னாடி சத்தம் கேக்குதே" என்றாள்.

நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தேன். எனக்கும் கேட்டது. நிலவறைக் கதவு மூடியிருந்தது, அதற்குப் பின்னால். கைப்பிடி இறங்கும் கிறீச், அது ஏறும் சத்தம், பிறகு தட்டில் பித்தளை விழும் கிணுக். வெர்லின், பிரஸ் ஓட்டுகிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நடை உண்டு. ஐந்தாறு இழுப்புக்கு ஒரு தடவை மூக்குக் கண்ணாடியை மேலே தள்ள நான் நிறுத்துவேன். அந்த நிறுத்தமும் அதில் இருந்தது. வீட்டிலுள்ள துப்பாக்கிகள் எல்லாம் கீழே, அவனிடம். மேலே இருந்தது துடைப்பம். அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். யாரும் இல்லை. தட்டு காலி. விளக்கு அணைந்திருந்தது, ஆனால் பல்பைத் தொட்டேன், விரலைச் சுட்டது. மேலே வந்தால் லவோன் இன்னும் லைனில் இருந்தாள். "நீங்க கால் வச்சதும் நிறுத்திட்டாரு சார்" என்றாள்.

உன் அக்கா திரும்பி வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலைமுடியில் ஒட்டிய மாவோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நன்றி சொல்லுவாராமா?" என்றாள்.

"ஆமா. ஒவ்வொரு தடவையும்."

"அப்ப அது நீங்க இல்ல."

முதல் தடவையாக நம்பினாள் மச்சான். எந்தக் காரணத்துக்காக என்பதை நான் பொருட்படுத்தவில்லை. "அவரைக் கொஞ்சம் மேல வரச் சொல்லுங்க, சிங்க் குழாய் ஒழுகிக்கிட்டே இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிலவறைக் கதவைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். டாக்டரிடமும் நேரம் வாங்கிவிட்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

இப்போது மூன்றாம் பக்கம். போன வாரம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே பிளாஸ்டிக் சுத்தியல், மருந்து நிரப்பி முடித்த தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்குவதற்கானது. லவோனைக் கூப்பிட்டேன். அக்கார்டியன்கூட இல்லை, உடனே எடுத்தாள், என் போனுக்காகவே காத்திருந்தவள் போல.

"அவரு கூப்புட்டாரு சார். இந்தத் தடவை முழங்கால் விசாரிக்கல. அவசரமாப் பேசினாரு. மச்சானுக்குக் குடுத்த பெட்டியில மருந்து ரெண்டு தரம் விழுந்த தோட்டா இருக்கு, எதுன்னு தெரியல, அந்த ஆளுகிட்டச் சொல்லிடுங்கன்னாரு."

"எந்த ஆளுகிட்ட?"

"நானும் அதைத்தான் கேட்டேன் சார். 'என் பேரைச் சொல்லிக்கிட்டு உங்களைக் கூப்புடுறானே, அவன்கிட்ட'ன்னு சொன்னாரு."

நாற்காலியை நகர்த்திவிட்டுக் கீழே போனேன். தோள்பட்டை வலிக்கிறது, துப்பாக்கியின் உதை தாங்க முடியவில்லை என்று நீ கேட்டதால் மருந்தைக் குறைத்துப் போட்டு உனக்கென்று அடித்த தோட்டாக்கள் ஞாபகம் இருக்கிறதா? பெரிய கூடு, உள்ளே கொஞ்சம் மருந்து. இரண்டு தரம் விழுந்தாலும் வழியாது, வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. அன்றைக்கு அடித்ததில் ஒரு பெட்டி உன்னிடம், ஒரு பெட்டி என்னிடம். என்னுடையதை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் பிரித்தேன். சரி, சரி, சரி என்று போய்க்கொண்டே இருந்தது, நானும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ள ஆரம்பித்தேன். அப்போது ஒரு கூட்டைக் கவிழ்த்தேன், மருந்து விழுந்தது, நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. தராசுத் தட்டு டக்கென்று இறங்கி அடியில் இடித்தது. பிரஸ் தட்டு சுழலாமலே நான் கைப்பிடியை மறுபடி இழுத்திருக்கிறேன், உன் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கும். அன்று என்ன யோசனையில் இருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். என் ஞாபகத்தில் அந்த நாளே இல்லை. உன் ரைபிளை உன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும்போது அது வெடித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பவில்லை. திரும்பாமலே நன்றி என்றேன். பழக்கமில்லாததால் குரல் சரியாக வரவில்லை.

ஆகவே வெர்லின், அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவையும் சுடாதே, பிரித்துப் பார்க்கவும் செய்யாதே, அப்படியே ஷெரீஃப் ஆபீசில் ஒப்படைத்துவிடு. மான் சீசனுக்குக் கடையில் வாங்கிக்கொள். ஆனால் இதைச் சாக்காக வைத்து எனக்குப் புத்தி சொல்லக் கிளம்பி வராதே. உன் அக்கா நேற்று, "அந்த மெஷினை யாருக்காவது குடுத்துடுங்களேன்" என்றாள். என் தலை தெளிவாக இருக்கிறது, கை உறுதியாக இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பிரஸ் நிலவறைப் படி ஏறாது. இதை நீ எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

ஏரி உறைவதற்குள் படகைக் கரையேற்று. கம்பளிக் காலுறை இரண்டு சேர்த்துப் போடு. கர்த்தர் உன்னையும் உன் நாயையும் பத்திரமாக வைக்கட்டும். உன் அக்கா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் விரும்பும் அத்தான்
செல்மர் ஹாகென்

பின்குறிப்பு: தபால்தலையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தூண்டில் கடையிலிருந்து நீ போன் பண்ணிவிட்டாய். நீ சொன்னதை உனக்கே எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் என் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்போல் இருக்கிறது. "அத்தான், உங்க கடுதாசி முந்தாநாளே வந்துடுச்சு. பெட்டியை ஷெரீஃப்கிட்டக் குடுத்துட்டேன்" என்றாய். என்ன கடுதாசி என்று கேட்டேன். "நாலே வரி. இத்தனை வருஷத்துல நீங்க எழுதின நல்ல கடுதாசி அதுதான். என் தோள்பட்டையெல்லாம் விசாரிச்சிருந்தீங்க" என்றாய். யார் கையெழுத்து என்றேன். "உங்களதுதான்" என்றாய். அப்புறம், "சனிக்கெழம வந்து பிரஸ்ஸை எடுத்துட்டுப் போன்னு கடைசி வரியில போட்டிருக்கீங்க அத்தான். அதைப் படிச்சிட்டு நான் கடையிலயே உக்காந்துட்டேன்" என்றாய்.

மேலே உள்ளதை நான் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். அந்த வரி எங்கேயும் இல்லை. ஆனால் தராசுத் தட்டு இடித்த அன்றிலிருந்து என் மனசுக்குள் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. உன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பதிலாக யாரோ சொல்லிவிட்டார்கள், நல்லதுதான். சனிக்கிழமை வா. பிரஸ் கனமானது, படி குறுகலானது, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். உன் அக்காவிடம் இப்போதுதான் சொன்னேன். கதவுக்கு முன்னால் கிடந்த நாற்காலியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையருகே போட்டாள். சனிக்கிழமை மத்தியானம் நாலு பேருக்குச் சமைக்கப் போகிறாளாம். நாலாவது யார் என்று நான் கேட்கவில்லை.