கால் அந்தர்

மூன்றாவது இறைச்சித் துண்டை அப்துல் ஹமீட் முதலாளி வாய்க்குக் கொண்டுபோகும்போது மனைவி றாஹிலா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வையுங்க."

"ஒண்டுதான் புள்ள."

"ஒண்டும் முடிஞ்சு ரெண்டும் முடிஞ்சு. இது மூண்டு."

"இது எலும்பு. எலும்பில என்ன கொழுப்பு இரிக்கி?"

"எலும்புக்கா இந்தப் பதறு பதறுறீங்க? வையுங்க எண்டா."

முதலாளி வைத்தார். சோற்றுக் கோப்பையில் அல்ல, வாயில்.

இந்தச் சண்டை தொடங்கி எட்டு நாளாகிறது. சாய்ந்தமருதில் குடியிருப்பும் கல்முனை பஜாரில் சாறன் என்கிற கைலி விற்கும் கடையுமாக இருந்த மனிதர், எட்டு நாளைக்கு முன் மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பிவந்து குசினியில் சமைத்துக்கொண்டிருந்த றாஹிலாவிடம் வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, ஒரு டொக்டர் தன்னைச் சோதித்ததாகச் சொன்னார். நெஞ்சைச் சுற்றிக் கொழுப்பாம். பெரும்போக நெல் வெட்டுக்கு முன் உடம்பில் கால் அந்தர், அதாவது இருபத்தெட்டு இறாத்தல், குறைய வேண்டுமாம். குறையாவிட்டால் அடுத்த விதைப்பை அவர் காணமாட்டாராம். நெல்லு மில் தராசில் ஏறிப் பார்த்தாயிற்று. ஒன்றே முக்கால் அந்தர் நிற்கிறார்.

"டொக்டர் துண்டு ஒண்டும் எழுதித் தரல்லியா?" என்று றாஹிலா கேட்டாள்.

"இங்கிலீசில எழுதினத நீ வாசிக்கவா போறாய்?"

 பெரியபிள்ளையானதும் ஐந்தாம் வகுப்போடு மறித்து அவளை வேலிக்குள் கொண்டுவந்து விட்டவர்கள், அதற்குப் பிறகு அவளுக்கு வாசிக்கக் கொடுத்தது சோற்றுப் பானையை மட்டும்தான்.

 பிள்ளைகள் இரண்டும் பெண். இந்தக் கரையில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் முதலில் வீடு கட்ட வேண்டும். மாப்பிள்ளை வந்து அதில் குடியேறுவான். இப்போது இருக்கிற வீடும் றாஹிலாவின் வாப்பா அவளுக்குக் கட்டிக் கொடுத்ததுதான். இந்த மனிதர் மவுத்தாகிப் போனால் இரண்டு வீட்டுக்கு யார் செங்கல் அறுப்பது?

"என்ன மெலிய வைக்கிறது இனி உன்ர பொறுப்பு" என்று தன் நோய் வருத்தத்தை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு முதலாளி கடைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து கொழுப்பு அவருடையது; கவலை அவளுடையது.

எலும்புச் சண்டைக்குப் பிறகு முதலாளியே ஒரு வழி சொன்னார்.

"சோத்தில கை வைக்காத. நான் நடந்து கரைக்கிறன்."

மறுநாள் தொடக்கம் கடைக்குப் போகிற மாட்டு வண்டில் நின்றது. விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையோரமாகக் கல்முனைக்கு நடை. றாஹிலா வேலி வாசலான கண்டாயம் வரை போய்ப் பார்த்து, "யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கைவைத்துத் திரும்பினாள்.

வண்டிலில் போகிறவரை ஒருவரும் மறிப்பதில்லை. நடந்து போகிறவரை மறிக்காவிட்டால் அது மரியாதைக் குறைவு.

"முதலாளி! நடந்தா போறீங்க? வாங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

ஊரில் தேத்தண்ணி தனியாக வருவதில்லை. கூடவே அப்பம் வரும், அப்பத்துக்குச் சம்பல் வரும், போன கிழமை காதுகுத்துக்குச் செய்து மிஞ்சிய இனிப்பு வட்டிலப்பம் வரும். மறுத்தால், "ஏழை ஊட்டுத் தேத்தண்ணி இறங்காதோ?" என்பார்கள். முதலாளி யார் மனதையும் நோகடிக்காத மனிதர். முதல் கிழமை இரண்டு வீடு. மூன்றாம் கிழமை ஆறு. வழியின் கடைசியில் அவரைப் பெற்ற சல்மா உம்மாவின் வீடு.

"நடந்து நடந்து உடம்பு சூடேறி இரிக்கி வாப்பா" என்று அவர் எருமைத் தயிரில் சீனி போட்டுக் கொடுப்பார். "தயிர் சூட்டக் குறைக்கும்."

மாத முடிவில் மில் தராசில் ஏறியபோது ஆறு இறாத்தல் கூடியிருந்தது. மடியில் கல் ஏதும் கட்டியிருக்கிறாரா என்று மில்காரர் தடவிப் பார்த்தாராம்.

ஒரு மணித்தியாலம் வேர்க்க விறுவிறுக்க நடந்து கரைத்ததை ஒரு கோப்பைத் தயிர் ஐந்து நிமிடத்தில் திருப்பித் தந்துவிடும் என்பதை டொக்டருக்குப் படிக்கிறவர்கள் புத்தகத்தில் படிப்பார்கள். றாஹிலா அதை முதலாளியின் சாறன் இறுகின இடுப்பில் படித்தாள்.

"நடையால ஆகாது" என்றாள். "இனி வாயத்தான் கட்டணும்."

"எல்லாத்தையும் கட்டு" என்றார் அவர் பெருந்தன்மையாக. "ஆனா நீ எனக்கு முன்னால இருந்து சோறு தின்னப்படா. பாத்தா ஆசை வரும்."

ஆகவே இருவருக்கும் காலையில் கஞ்சி, பகலில் முருங்கைக்கீரையும் கைப்பிடிச் சோறும், இரவில் அவித்த மீன். வீட்டில் எண்ணெய்ப் போத்தல் மூடி திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் ஒளித்து வைத்து ஊட்டினாள், தான் வாயில் வைக்கவில்லை. ஆண்கள் பசித்தால் வெளியே போவார்கள். பெண்கள் பசித்தால் தண்ணீர் குடிப்பார்கள். முதலாளி கஞ்சியைக் குடித்துவிட்டு உம்மா வீட்டுக்குப் போனார்.

இரண்டாம் கிழமை சல்மா உம்மா தலையில் முக்காடும் இடுப்பில் சோற்றுப் பெட்டியுமாக வந்து நின்றார்.

"என்ர புள்ள ரெண்டு நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி வந்து விழுந்து திண்டான். என்ன செய்யப் பாக்காய் நீ?"

"டொக்டர் சொல்லித்தான் மாமி..."

"எந்த டொக்டர்? அவன் வருத்தமெண்டு எனக்கு ஒரு சொல்லும் சொல்லல்லியே? ரெண்டு ஊடு கட்டச் சோத்த மிச்சம் புடிக்கிறயா?"

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு ஸகியா அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டாள். மதியம் லுஹர் தொழுகைக்கு முன் அது தெருவுக்குப் போயிற்று. பின்னேரம் அஸர் தொழுகைக்குள் பள்ளிவாசலுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிவாசல் நிர்வாகி மரைக்கார் இரண்டு பேரோடு வந்து முன்மண்டபத்தில் உட்கார்ந்தார். றாஹிலா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"புரிசன்ட வயித்துக்குச் சோறு குடுக்கிறது பொஞ்சாதிர கடமை" என்றார் மரைக்கார் கதவைப் பார்த்து. "உனக்கு அது தெரியாதா மகள்?"

"டொக்டர் சொன்னத நீங்களே சொல்லுங்க" என்று அவள் கதவிடுக்கால் புருஷனிடம் மெல்லச் சொன்னாள்.

முதலாளி விட்டத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அவ நல்ல புள்ளதான் மரைக்கார். கொஞ்சம் கைச்சுருக்கம். நான் சொல்லித் திருத்திக்கொள்ளுறன்."

அவர்கள் போன பிறகு றாஹிலா அழவில்லை. ஆத்திரத்தில் அழுகை வரவில்லை.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"எனக்கு வருத்தமெண்டு ஊருக்குத் தெரிஞ்சா வியாபாரம் படுத்திரும் புள்ள. ரெண்டு நாளையில மறந்திருவாங்க. நீ மனசில வெச்சிக்கொள்ளாத."

அந்த மாதம் மில் தராசில் முதலாளி அசையவில்லை. வீட்டில் மெலிந்தது ஒரே ஒரு ஆள். றாஹிலாவின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. சட்டையை இரண்டு தரம் பிடித்துத் தைத்தாள்.

"ராத்தா, உங்களுக்கென்ன சயரோகமா?" என்று ஸகியா, வயதுக்கு மூத்தவள் என்று அக்கா முறை வைத்து, வேலிக்கு மேலால் கேட்டாள்.

"இல்லகா. அவருக்கு மருந்து, எனக்குப் பத்தியம்."

முதலாளி கிழமைக்கொரு தரம் வியாபாரத்துக்குச் சாறன் மூட்டையோடு இறக்காமம் என்ற ஊருக்குப் போய்வருவார். அந்த நாளில் மட்டும் உண்மையான பசியோடு திரும்புவார். "அங்க ஒரு சொட்டும் வாயில வைக்கல்ல" என்பார். மற்ற ஊரிலெல்லாம் வாயைக் கட்டாத மனிதருக்கு ஒரு ஊரிலாவது அல்லாஹ் வாய்க்கட்டுப்பாட்டைக் கொடுத்திருக்கிறானே என்று அவள் இறைவனுக்கு நன்றி சொல்லி ஷுக்குர் செய்தாள்.

வெட்டுக்கு இன்னும் இரண்டரை மாதம். நடை மட்டும் போதாது, சாப்பாட்டை மட்டும் குறைத்தும் போதாது. இரண்டையும் சேர்க்க வேண்டும், அதுவும் வேலிக்குள்ளேயே வைத்துச் சேர்க்க வேண்டும் என்ற முடிவுக்கு றாஹிலா வந்தாள். முதலில் மாமி வீட்டுக்குத் தானே போனாள். சல்மா உம்மாவின் காலடியில் உட்கார்ந்து, கூட்டிப்போன பெரிய பேத்தியின் தலையில் கைவைத்து, டொக்டர் சொன்னது உண்மை என்று சத்தியம் பண்ணினாள்.

"உங்கட புள்ள உங்களுக்கு உயிரோட வேணுமா, தயிரோட வேணுமா?"

 சல்மா உம்மா அவளுடைய கழுத்தெலும்பைப் பார்த்தார். "சரி மகள்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் தயிர்ச்சட்டி கவிழ்ந்தது.

அடுத்தது கடை. காலையில் வண்டில், பின்னேரம் வண்டில். வழியில் ஒரு தேத்தண்ணியும் இல்லை. விடியுமுன்னும் பொழுதுபடும் மஃரிபுக்கு முன்னும் வீட்டு வளவுக்குள் நடை. இருபத்திரண்டு தென்னையைச் சுற்றி நாற்பது சுற்று. முதலாளி முன்னால் நடப்பார், றாஹிலா முருங்கைக் கம்போடு பின்னால் நடப்பாள். அவர் நின்றால் அவளும் நிற்பாள், கம்பு நிற்காது.

"புள்ள, கால் நோகுது."

"நடங்க. பதினேழு."

"பதினெட்டு."

"பதினேழு."

கிடுகு வேலியில் ஸகியா இரண்டு விரலளவு ஓட்டை போட்டிருந்தாள். "களத்தில நெல்லுச் சூடு மிதிக்கிற எருமை மாதிரி மனிசன வளைக்காள்" என்ற செய்தி அந்த ஓட்டையால் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. பொடியன்கள் வீதியில் "ஹோய், ஹோய்" என்று மாட்டை ஓட்டும் சத்தம் போட்டார்கள். பெண்கள் கிணற்றடியில் அவளோடு கதைப்பதை நிறுத்தினார்கள். மரைக்கார் வீட்டுக் கலியாணத்துக்கு அவளுக்கு அழைப்பு வரவில்லை. முதலாளிக்கு வந்தது. அவர் போனார், அவள் அன்றைக்கு அவருடைய நாற்பது சுற்றை அறுபதாக்கினாள்.

நடந்த பிறகு கிணற்றில் நூறு வாளி தண்ணீர். ஐம்பதாவது வாளியில் முதலாளிக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் ஐம்பதையும் அவள் இழுத்தாள். தென்னைக்குத் தண்ணீர் ஊற்றத்தானே வேண்டும்.

முதல் மாதம் பன்னிரண்டு இறாத்தல் இறங்கியது.

முதலாளி முகத்தின் அடியில் நாடி என்றொரு பொருள் வெளிப்பட்டது. அவர் கண்ணாடிக்கு முன் நிற்கத் தொடங்கினார். மீசையைக் கத்தரித்தார், மயிருக்குக் கறுப்பெண்ணெய் பூசினார், அத்தர் வாங்கினார். இப்போது கம்பு தேவைப்படவில்லை. "நாற்பது போதுமா? அம்பது நடப்பமா?" என்று தானே கேட்டார். ஒருநாள் தன் கோப்பையிலிருந்து பாதிச் சோற்றை அள்ளி அவள் கோப்பையில் வைத்தார். றாஹிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மனிதருக்கு வாழ ஆசை வந்துவிட்டது என்று நினைத்தாள்.

வெட்டுத் தொடங்கி ஐந்தாம் நாள் முதலாளி மில்லிலிருந்து ஓடியே வந்தார். ஐந்து மாதத்துக்கு முன் அவர் ஓடியதென்றால் வீடு ஆடியிருக்கும்.

"ஒண்டரை அந்தர்! நேரா ஒண்டரை! முள்ளு அசையல்ல!"

றாஹிலா ஷுக்குர் சொல்லி, நெற்றி நிலத்தில் பட, சுஜூதில் விழுந்தாள். எழும்பத் தெம்பில்லாமல் கொஞ்சநேரம் அப்படியே கிடந்தாள்.

கால் அந்தர் குறைந்தால் நபி புகழ் பாடும் மௌலூது ஓதி நெய்ச்சோறு ஆக்குவதாக அவள் நேத்திக்கடன் வைத்திருந்தாள். புதன்கிழமை வளவில் மூன்று அடுப்பு மூட்டினாள். அவளோடு கதைப்பதை நிறுத்திய பெண்களும் நெய் மணத்துக்கு வந்தார்கள். ஸகியா, ஓட்டை வழியாக அல்ல, கண்டாயம் வழியாக வந்து வெங்காயம் உரித்தாள். சல்மா உம்மா எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார்:

"என்ர மருமகள் என்ர புள்ளய மவுத்திலிருந்து மீட்டுத் தந்தவள்! இனி ஒருத்தியும் வாய் துறக்கப்படா!"

றாஹிலா அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல்தரமாக அவளுக்குப் பசித்தது. முதலாளி மௌலூது ஓதுகிற லெப்பையைக் கூட்டிவரப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்.

அப்போது கண்டாயத்தடியில் ஒரு மாட்டு வண்டில் வந்து நின்றது. வண்டிலில் இரண்டு மூடை புதுநெல் அரிசி, ஒரு கிடாய், வாழைக்குலை. இறங்கி வந்தவர் முன்பின் தெரியாத மனிதர்.

"அப்துல் ஹமீட் முதலாளி இரிக்கிற ஊடு இதுதானே? நான் பக்கீர் முகைதீன். இறக்காமத்து வயல்கார அதாவுல்லா போடியார்ர வண்டில்காரன்."

"ஓம், இதுதான். இதெல்லாம் என்ன?"

"போடியார் அனுப்பினது. முதலாளி கால் அந்தர் குறைஞ்ச செய்தி வந்ததும் உடன ஏத்தச் சொன்னவர்."

"அல்லாஹ், அவ்வளவு தூரத்திலயும் இவருக்காகத் துஆக் கேட்டிரிக்காங்க!" என்று றாஹிலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பக்கீர் முகைதீன் புகையும் மூன்று அடுப்பைப் பார்த்தார். கூடியிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு அகப்பையோடு நின்றவளின் ஒட்டிய கன்னத்தையும் வெளுத்த உதட்டையும் பார்த்து, மரியாதையாகத் தலைப்பாகையை அவிழ்த்தார்.

"மாப்புள்ளட மூத்த ராத்தா நீங்கதான் போல, கால் அந்தர் குறையாம அந்தாளுக்குப் பக்கத்தில மணப்பொண்ணா இரிக்கமாட்டன் எண்டு எங்கட போடியார்ர மகள் ஒத்தக் காலில நிண்டதுக்கு நீங்க குறைச்சே குடுத்திட்டீங்க, வெள்ளிக்கிழம நடக்கிற கலியாண நிக்காஹ்வுக்கு நீங்கதான் முன்னுக்கு வந்து மாப்புள்ளய ஊட்டுக்குள்ள ஏத்தணுமாம்."