பன்னிரண்டு ஜோடிப் பாதங்களும் ஓர் எனாமல் பேசினும்

பெரிய வியாழன் மாலைப் பூசையில் குருவானவர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவித் துடைப்பது திருச்சபையின் வழக்கம். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததை நினைவுகூரும் சடங்கு அது. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் புனித மார்த்தாள் சிற்றாலயத்தில் அது பல ஆண்டுகளாகப் பதினைந்தே நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்தது. முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேர் செருப்பைக் கழற்றுவார்கள். ஃபாதர் குனிவார். ஒரு வெள்ளை எனாமல் பேசினில் தண்ணீர் விழும். அவ்வளவுதான். யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை. குறை இல்லாததே பெரிய குறை என்பது சென்ற ஆண்டுதான் கண்டறியப்பட்டது.

மறைமாவட்ட மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்களுக்கு மேலிடம் என்பது மலைக்குக் கீழே இருக்கிறது. "அன்றாட வாழ்வில் விசுவாசம், பிறர் பணியில் அன்பு" என்பது அந்த ஆண்டின் கருப்பொருள். ஒவ்வோர் ஆலயமும் தான் செய்த பணியைப் படங்களுடன் அறிக்கையாக அனுப்ப வேண்டும். சிறந்த ஆலயத்துக்குக் கேடயம் உண்டு.

கேடயம் என்ற சொல் வாசிக்கப்பட்டதும் திரு. புனிதன் எழுந்து நின்றார். அவர் ஓர் அரசாங்க இலாகாவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், கோப்பு பெறவில்லை. அன்று மாலையே "பிறர் பணி ஒருங்கிணைப்புக் குழு" உருவானது. அவர் தலைவர். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக் கடை வைத்திருக்கும் பிரேமலா அக்கா ஊடகப் பொறுப்பாளர். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் என்பதாலும், அந்தப் பட்டத்துக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்பதாலும், நான் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவதும் விதிமுறைகளைத் தட்டச்சு செய்வதும் என் பொறுப்பு. இந்தக் கதையில் வரும் விதிகளின் தமிழ் என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

"முன்னால வந்து உக்காந்தவன் காலையெல்லாம் கழுவ முடியாது லா," என்றார் புனிதன். "முறையா தேர்வு நடக்கணும். இது பிறர் பணி. பிறர் யாருன்னு முதல்ல நாம முடிவு செய்யணும்."

தோட்டத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் பிறராக அறிவிக்கப்பட்டார்கள். பட்டியலில் முதல் பெயர் செல்லம் அத்தை.

செல்லம் அத்தைக்கு ஐம்பத்து மூன்று வயது. மூன்றாம் டிவிஷன் மேட்டில் கொழுந்து வெட்டுபவர். சனிக்கிழமைதோறும் ஆலயத்தைக் கூட்டித் துடைப்பவரும் அவர்தான். ஆலயத்து அலமாரியில் மழைத் தண்ணீர் ஒழுகுவதால் எனாமல் பேசின் அவர் வீட்டில்தான் இருக்கும். நான் பல்கலைக்கழகம் போன நாளில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை இறக்கத்தில் நடந்து வந்தவர்.

அவருக்கு இனிப்புநீர் நோய் உண்டு. ஜனவரியில் ரப்பர் பூட்ஸ் உரசி வலது பாதத்தின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. வாரம் மூன்று முறை தானா ராத்தா கிளினிக்கில் கட்டு மாற்ற வேண்டும், ஆறாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று அங்கிருக்கும் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தார். ஆலயத்து வேன் அவரைக் கூட்டிப் போய்க் கொண்டுவந்தது. தோட்டத்தில் மருத்துவ விடுப்பு கொடுத்திருந்தார்கள். விடுப்பு முடிந்தும் மேடு ஏற முடியாவிட்டால் வேலை போகும். வேலை போனால் லைன் வீடும் போகும்.

பட்டியலில் பெயர் இருப்பதைச் சொன்னபோது அத்தைக்கு வாயெல்லாம் பல்.

"ஃபாதர் என் காலைத் தொடுவாரா தம்பி? எந்தக் காலை?"

"ரெண்டும்தான் அத்தை."

"அப்ப நல்ல காலை முதல்ல நீட்டுறேன். அவரு பயந்துறக் கூடாது பாரு."

இரண்டாம் கூட்டத்தில் பாதங்களுக்கு ஒளிப்படச் சோதனை நடந்தது. பன்னிரண்டு பேரும் வரிசையாக நாற்காலியில் உட்கார, பிரேமலா அக்கா கைப்பேசியுடன் தரையில் அமர்ந்து ஒவ்வொரு பாதமாகப் பார்த்தார். குதிகால் வெடிப்பு. அட்டைக் கடித் தழும்பு. பூட்ஸுக்குள் ஊறி வெளுத்த விரல்கள்.

"அலாமாக்! ஃபில்டர் போட்டா முகம் சரியாகுது. கால் சரியாக மாட்டேங்குதே!" என்றார் அவர்.

"எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி கழுவிட்டு வரட்டும்," என்றார் புனிதன்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை மலை ஏறி வரும் ஃபாதர் அன்று கூட்டத்தில் இருந்தார். அவர் மெதுவாகக் கேட்டார்: "கழுவுற சடங்குக்கு ஏன் கழுவிட்டு வரணும்?"

"அழுக்குக் காலைக் கழுவினா தண்ணி அழுக்காயிரும் ஃபாதர். லைவ் ஒளிபரப்புல தெரியும்," என்றார் புனிதன்.

ஃபாதர் யோசித்தார். மறுப்பதற்கு இடமில்லை. அழுக்குக் காலைக் கழுவினால் தண்ணீர் அழுக்காகத்தான் செய்யும். ஆலயத்தின் பின்புறக் குழாயடியில், கேமரா இல்லாமல், "முன்கழுவல்" நடைபெறும் எனத் தீர்மானிக்கப்பட்டது.

அன்று நான் தட்டச்சு செய்த நான்காம் விதி இது: "தேர்வு பெறும் பாதங்கள் காயம், புண், கட்டு, வெடிப்பு ஆகியன இன்றி இருத்தல் வேண்டும்." புனிதன் இரண்டு முறை வாசித்துவிட்டு, "'ஆகியன' போட்டிருக்கான் பாருங்க. படிச்ச புள்ள," என்றார். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

நான்காம் விதியின்படி பன்னிரண்டு பேரில் பதினொருவர் தகுதி இழந்தார்கள். பன்னிரண்டாமவர் தபால் பிரிப்பவர். அவர் தோட்டத்து ஆளே இல்லை, ஆபீஸ் கிராணியைப் பார்க்க வந்தவர், வராத ஒருவரின் நாற்காலி காலியாக இருந்ததால் உட்கார்ந்திருந்தார்.

இனி நல்ல பாதங்களுக்கு எங்கே போவது? புனிதன் கண்ணை மூடிக்கொண்டு சிந்தித்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: "நடக்குறதாலதான் கால் கெட்டுப்போகுது. நடக்காதவங்களைக் கூப்பிடுவோம்."

இவ்வாறாகத் தோட்டத்துத் துரை, இரண்டு துணைத் துரைமார், பிரிஞ்சாங் டவுனில் தங்கும் விடுதி நடத்தும் நான்கு பேர், பிரேமலா அக்காவின் கணவர், ஒரு மாவட்டப் பிரமுகர், அவருடைய உதவியாளர், மேற்படி தபால் பிரிப்பவர், திரு. புனிதன் ஆகிய பன்னிருவர் சீடர்களாயினர்.

ஆலயத்து வேனுக்கும் அப்போதுதான் விதி வந்தது. அதன் இரு பக்கமும் லாவெண்டர் நிறத்தில் "பிறர் பணி வாகனம்" என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிரமுகர்களை டவுனிலிருந்து அழைத்துவர அது வேண்டும். ஸ்டிக்கர் சேறு படாமல் இருக்க வேண்டுமென்பதால், பெரிய வியாழன் வரை பிறர் பணிக்கு வேனை எடுக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

இரண்டு செய்திகளையும் செல்லம் அத்தையிடம் சொல்ல வேண்டியவன் செயலாளர். போய்ச் சொன்னேன். விதி எண்ணையும் சொன்னேன்.

அத்தை தன் காலைப் பார்த்தார். "புண்ணு இருக்கறதால கழுவ மாட்டாங்களா?"

"படத்துல நல்லா வராதுன்னு…"

"சரிப்பா. வேன் எப்ப வரும்?"

"வியாழக்கிழமைக்கு அப்புறம்."

"இன்னும் மூணு வாரம் இருக்கேப்பா."

பக்கத்து வீட்டு உமாதேவி அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்; நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும். எங்கள் ஆலயத்துக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை.

"ஏன்டா டிகிரி, அந்த வேன் என்ன காய்ச்சல்ல படுத்திருக்கா, போர்த்தி வச்சிருக்கீங்க?"

"ஸ்டிக்கர் அக்கா."

"ஓ, ஸ்டிக்கரா. அப்ப சரி."

மறுநாள் அவர் கோலா தெர்லாவிலிருந்து வரும் முட்டைக்கோஸ் லோரியை நிறுத்தி, செல்லம் அத்தையை முன்னால் ஏற்றிக்கொண்டு கிளினிக் போனார். கட்டு மாற்றுவது எப்படி என்று மிஸ்ஸியிடம் கேட்டுப் பழகி, மருந்தும் துணியும் வாங்கி வந்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஆலயத்து எனாமல் பேசினில் ஊற்றி, அந்தக் காலைக் கழுவிக் கட்டினார்.

"புண்ணியமா போகும் அக்கா," என்றேன் ஒருநாள்.

"புண்ணியமும் இல்ல, கிண்ணியமும் இல்ல. நாத்தம் எங்க வீட்டுக்குத்தான் அடிக்குது," என்றார்.

பெரிய வியாழன் வந்தது. எல்லாரும் லாவெண்டர் நிற டீசட்டை போட்டிருந்தோம். முதுகில் "நான் ஊழியன்" என்று அச்சிட்டிருந்தது. துரைக்கு மட்டும் அச்சிடாத சட்டை. மாலை ஐந்து மணிக்குப் பேசின் இல்லை என்பது கண்டுபிடிக்கப்பட்டது. என்னை லைனுக்கு ஓட விட்டார்கள்.

நான் போனபோது பேசினில் செல்லம் அத்தையின் கால் இருந்தது. உமாதேவி அக்கா ஈரத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, விரல்களுக்கு நடுவே பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் விழுந்தது. தண்ணீர் கலங்கியிருந்தது.

"நல்ல வேளை வந்த. இந்தக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, அடியில துடைக்கணும்," என்றார் அக்கா.

என் கையில் கைப்பேசி இருந்தது. அறிக்கைக்குப் படங்கள் தேவை. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டடி பின்னால் போய் ஒரு படம் எடுத்தேன். எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, அத்தை தானே இரு கையாலும் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பேசின் வேணும் அக்கா."

"கட்டு முடியட்டும். சாமி காத்திருப்பாரு."

சாமி காத்திருந்திருக்கலாம், லைவ் காத்திருக்கவில்லை. நான் திரும்புவதற்குள், பிரேமலா அக்காவின் கடையில் ஸ்ட்ராபெரி கழுவும் கண்ணாடிக் கிண்ணத்தில் சடங்கு தொடங்கியிருந்தது. குளிர் அதிகம் என்பதால் மாவட்டப் பிரமுகர் காலுறையைக் கழற்றவில்லை. ஃபாதர் ஒரு கணம் தயங்கி, அந்தக் காலுறையைக் கழுவினார்.

அன்றைய படங்கள் அனைத்தையும் எடுத்த நேரப்படி வரிசையாக அறிக்கையுடன் அனுப்பினேன். ஒன்றையும் மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஐந்து மணிப் படம் முதலில் நின்றது.

இரண்டு மாதம் கழித்துக் கேடயம் எங்களுக்கே வந்தது. கடிதத்தில், "பன்னிரண்டு தூய பாதங்களை அன்றி, புண்பட்ட ஒரு பாதத்தை அறிக்கையின் முகப்பாக வைத்த குழுவின் துணிவு பாராட்டத்தக்கது" என்றிருந்தது. புனிதன் அந்த வரியை மூன்று ஞாயிறு வாசித்தார். இணையத்தில் அந்தப் படத்தை நாலாயிரம் பேர் விரும்பினார்கள். எண்ணூறு பேர் கூப்பிய கைகளை அனுப்பினார்கள். கட்டுத் துணி வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல எங்களுக்கு நேரமில்லை. பேசினுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். பூட்டும் சாவியும் போட்டு, கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அதற்கும் விதி எழுதினேன்: "குழுவின் தீர்மானமின்றிப் பேசினை வெளியே எடுத்தல் ஆகாது."

உமாதேவி அக்கா வேறு வாளி வைத்துக் கழுவினார். ஜூலையில் புண் ஆறியது. விடுப்பு முடியும் வாரத்தில் செல்லம் அத்தை மேடு ஏறினார். வீடு தப்பித்தது.

இந்த ஆண்டு எல்லா ஆலயங்களிலும் புண்பட்ட பாதங்களே மோகம். நாங்கள் பின்தங்கக் கூடாது. நான்காம் விதி திருத்தப்பட்டது: "தேர்வு பெறும் பாதங்களில் காயம், புண், கட்டு ஆகியவற்றுள் ஒன்றேனும் கட்டாயம் இருத்தல் வேண்டும்." துணைத் துரை ஒருவர் கணுக்காலில் கட்டுடன் வந்தார். எங்கே அடி என்று கேட்டதற்கு, வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றார்.

செல்லம் அத்தை தாமே வந்து நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். பிரேமலா அக்கா கைப்பேசியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஆறிப்போச்சே ஆண்ட்டி. ஒன்னுமே தெரியலையே."

"நாலாம் விதி இடம் கொடுக்காதும்மா," என்றார் புனிதன் வருத்தத்துடன்.

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டார். "அடுத்த வருசம் எந்தக் கால் வேணும்னு முன்கூட்டியே சொல்லிருங்கய்யா. நானும் எத்தனை தடவை தப்பான காலைக் கொண்டாறது?"

வெளியே வந்தவர் என்னை ஓரமாக அழைத்தார். "தம்பி, ஏழாம் லைன்ல ஒரு நேப்பாளக்காரருக்குக் கொழுந்து வெட்டுற மிஷின் கால்ல பட்டுருச்சு. தையல் போட்டிருக்காங்க. தினம் கழுவிக் கட்டணும். வேனைத்தான் மறுபடி போர்த்தி வச்சிட்டீங்க. நானும் உமாவும் பாத்துக்கறோம். உமாவோட வாளி ஓட்டையாயிருச்சு. அந்தப் பேசினை ஒரு வாரத்துக்குக் குடேன்."

"அது பெட்டிக்குள்ள இருக்கு அத்தை. தீர்மானம் வேணும்."

"சாவி யார்கிட்ட?"

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"குழுகிட்ட அத்தை," என்றேன். அது பொய் இல்லை. செயலாளரும் குழுவில் ஓர் அங்கம்தான்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரிப்பா. எங்க வீட்டுல சோறு வடிக்கிற சட்டி இருக்கு," என்று சொல்லிவிட்டு ஏழாம் லைன் மேட்டில் ஏறத் தொடங்கினார். வேகமாக ஏறினார். காலை இழுக்கவே இல்லை.

நான் உள்ளே திரும்பி வந்து அன்றைய கூட்டக் குறிப்பின் கடைசி வரியை எழுதினேன்: "பேசின் பெட்டிக்குள் நல்ல நிலையில் பாதுகாப்பாக உள்ளது. ஆட்சேபம் எவரும் தெரிவிக்கவில்லை."