இரவல் சிரிப்பு

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். குழாயைத் திறந்தான், காற்று வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனான். தண்ணீர் லாரியின் பக்கவாட்டில் நகராட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். குடம் நிறைந்தது. வீட்டுக்கு வந்து குளித்தான். மனைவி கொடுத்த தேநீரைக் குடித்தான். குப்பையைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டான். தொட்டியின் மூடியிலும் தலைவர் சிரித்தார். பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றான். பேருந்து எப்போது வரும் என்று தெரியவில்லை. நேரப் பலகையின் மேல் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அவன் கைவண்ணம்தான்.

நகராட்சி அலுவலகத்தில் அவனை எல்லாரும் டிசைனர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்கு அடியில் அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, ஒரு கால் ஆடும் நாற்காலி. நகராட்சி எதைச் செய்தாலும் அதில் தலைவர் முகத்தை வைக்க வேண்டும். செய்யாவிட்டால் இன்னும் பெரிதாக வைக்க வேண்டும். சாக்கடை தூர்வாரும் பணத்தில், 'சாக்கடை விரைவில் தூர்வாரப்படும்' என்று ஊரெல்லாம் பலகை வைத்தார்கள். பலகை முழுக்க முகம். சாக்கடை ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது.

"இது மக்கள் பணமாச்சே சார்" என்று அவன் ஒருமுறை மேனேஜரிடம் இழுத்தான்.

"பணம் மக்களோடது. முகம் தலைவரோடது. ரெண்டும் சேர்ந்தாதான்யா திட்டம்" என்றார் மேனேஜர்.

அதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் தற்காலிக ஊழியன். நிரந்தரமாக்கும் ஆர்டர் டைப் ஆகி, தலைவர் கையெழுத்துக்காக மேனேஜரின் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எதைக் கேட்டாலும் மனைவி அந்த ஆர்டரைத்தான் காட்டுவாள். கட்டில் வாங்கலாமா? "நிரந்தரம் ஆகட்டும்." குழாய் ரிப்பேர்? "நிரந்தரம் ஆகட்டும்." குழந்தை? அதற்கும் அதே பதில்தான், கொஞ்சம் மெதுவான குரலில்.

அன்றைக்கு நாற்காலியில் உட்காரும் முன்பே கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைவர் அறையில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தலைவரின் முகம், பூட்டிய கடை மாதிரி இருந்தது. அது எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

"என்னய்யா படம் போட்டிருக்கே?" என்றார் தலைவர்.

"ஏன் ஐயா, நல்லாத்தானே..."

"நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை. எங்க போனாலும் உடம்பு சரியில்லையான்னு கேக்கிறாங்க. மார்க்கெட்ல ஒரு அம்மா, 'தொட்டியில எல்லாம் சிரிக்கிறீங்க, எங்களைப் பார்த்தா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறீங்களே'ன்னு முகத்துக்கு நேரா கேக்குது. தேர்தல் வருது. நான் என்ன பதில் சொல்ல?"

டிசைனர் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

உண்மை இதுதான். படம் எடுத்த அன்று போட்டோகிராபர் தொண்டை வற்ற "சிரிங்க ஐயா" என்று கெஞ்சினார். "சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று தலைவர் எரிந்து விழுந்தார். வேறு வழியில்லாமல் டிசைனர், கம்ப்யூட்டரில் கிடந்த பழைய படங்களைக் கிளறினான். ஏதோ ஒரு கூட்டத்தின் படத்தில், ஒரு ஓரத்தில், ஒரு சிரிப்பு கிடைத்தது. வாயை மட்டும் வெட்டி, தலைவரின் மீசைக்குக் கீழே ஒட்டினான். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அது யார் என்று அவன் பார்க்கவில்லை. வாய்தான் தேவைப்பட்டது.

டிசைனர் அதை ஒத்துக்கொண்டான். "வாயை எடுத்துடு" என்றார் தலைவர். "உள்ளதை உள்ளபடி போடு."

போட்டான். சாக்கடைப் பணத்தில் மிச்சமிருந்தது அதற்குச் சரியாகப் போயிற்று. ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தலைவர் உள்ளபடி முறைத்தார்.

மறுநாள் தண்ணீர் லாரியின் முன் யாரும் குடம் வைக்கவில்லை. "இந்த மனுஷன் இப்படிப் பார்க்கிறார்னா தண்ணியில என்னமோ இருக்கு" என்று ஒருவர் சொன்னாராம். தெருவே குடத்தைக் கவிழ்த்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்தவர்கள், தொற்றுநோய் வந்துவிட்டதென்று வரிசையில் நின்றார்கள். டாக்டர் போன் போட்டு, "என்ன நோய்னு எங்களுக்காவது சொல்லுங்க சார், மருந்து வரவழைக்கணும்ல" என்று மேனேஜரிடம் கேட்டார்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "மறுபடியும் சிரிப்பையே வை" என்றார். பூங்காவுக்கு வைத்திருந்த பணம் போயிற்று.

"படம் மாறக் கூடாதுன்னா ஐயாதான் மாறணும்" என்று மேனேஜரே யோசனையும் சொன்னார். தலைவரின் அறையில் கண்ணாடி வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி நடந்தது. வெளியே உட்கார்ந்திருந்த பியூனுக்கு, உள்ளே யாரோ கொட்டைப் பாக்கைக் கடிப்பது போலக் கேட்டதாம்.

சில நாட்களில் தலைவருக்குச் சிரிப்பு படிந்தது. ஆனால் அது வந்தால் போகவில்லை. ஒரு பெரிய மனிதர் இறந்துபோன வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார். இறந்தவருடைய மகனின் கையைப் பிடித்தார். கேமராவைக் கண்டதும் பழகின வாய், தானாகத் திறந்து, பல்லெல்லாம் தெரிய அப்படியே நின்றுவிட்டது.

"எங்கப்பா போனதுல உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா?" என்றான் மகன்.

அன்று மாலையே டிசைனருக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. இந்த முறை தலைவர் கத்தவில்லை. வாயின் படத்தை மட்டும் பெரிதாக அச்சடிக்கச் சொல்லி, மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நகையை உரசிப் பார்க்கிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் சிரிப்புய்யா?"

"தெரியாதுங்க ஐயா."

"எவ்வளவு நல்ல சிரிப்பு! பாரு, கொஞ்சம்கூட நடிப்பே இல்ல. வயித்துல இருந்து வந்திருக்கு. இந்த மனுஷன் எதைப் பார்த்து இப்படிச் சிரிச்சான்? அதுதான் எனக்குத் தெரியணும். அது தெரிஞ்சா, நானும் அதையே மனசுல நினைச்சுக்கிட்டுச் சிரிச்சுடுவேன். கண்ணாடியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"பழைய படத்தைத் தேடினா ஐயா..."

"தேடு. ஆளைக் கண்டுபிடி. அன்னைக்கே உன் ஆர்டர்ல கையெழுத்து. கண்டுபிடிக்கலையா, தேர்தல் முடியற வரைக்கும் நீ வர வேண்டாம். அதுக்கப்புறமும் வர வேண்டாம்."

டிசைனர் மாடிப்படிக்கு அடியில் ஓடினான். பழைய படங்கள் ஒன்றையும் காணோம். தலைவரின் புதிய படங்களுக்கு இடம் போதவில்லை என்று மேனேஜர் போன மாதமே எல்லாவற்றையும் அழித்திருந்தார். ஊரின் பழைய தெருக்கள், வெள்ளம், பள்ளி விழாக்கள், எல்லாம் போய்விட்டிருந்தன. மிஞ்சியது ஒரு வாய்.

அச்சடித்த வாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினான். முதலில் பல் டாக்டரிடம் போனான். அவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

"கீழ்வரிசையில ஒரு பல் லேசா குறுக்க நிக்குது. மத்தபடி சொத்தையே இல்ல. இந்த மாதிரி ஆளுங்க எங்ககிட்ட எதுக்குத் தம்பி வரப்போறாங்க?"

தேநீர்க்கடைக்காரர் வாயைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர் ஆளா இருக்காது" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"இப்படிச் சிரிக்கிற ஆளு யாரும் என் கடைக்கு வர்றதில்லையே."

அதன்பிறகுதான் டிசைனர் ஊரை உற்றுப் பார்த்தான். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள், எப்போது பேருந்து வருமென்று தெரியாமல் நின்றார்கள். தண்ணீருக்கு நின்றவர்கள் லாரி வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் வாய் இருந்தது, மூடியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர் தலைவர் ஒருவர்தான். அதுவும் வேறு யாருடைய வாயாலோ. இத்தனை நாளும் இது தன் கண்ணில் படாதது அவனுக்கு வியப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, படத்தை மனைவியிடம் நீட்டினான். அவள் அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"இது பொம்பளை வாய்ங்க."

"சும்மா இரு. மீசைக்குக் கீழ எவ்வளவு பொருத்தமா உட்கார்ந்துச்சு தெரியுமா?"

"மீசைக்குக் கீழ எதை வச்சாலும் உட்காரும். இது பொம்பளை வாய்தான். ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்த சிரிப்பு. ஆம்பளைங்களுக்கு எதை அடக்கத் தெரியும்?"

மறுநாள் முதல் பெண்களின் வாயைப் பார்க்க ஆரம்பித்தான். மார்க்கெட்டில் பார்த்தான். நூலக வாசலில் பார்த்தான். துணிக்கடையில் ஒரு பெண்மணியின் கீழ்வரிசைப் பல் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தபோது, அவர் கையிலிருந்த பையால் ஒன்று வைத்தார்.

"என்ன தம்பி, வாயில என்ன தேடறே? உள்ள ஏதாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

மாலைக்குள் மேனேஜருக்குப் புகார் போய்விட்டது. "நகராட்சி ஆளு ஒருத்தன் பொம்பளைங்க வாயைப் பார்த்துக்கிட்டு அலையறானாம். யாருன்னு கேட்டா, தலைவர்தான் அனுப்பினார்னு சொல்றானாம். தேர்தல் நேரத்துல இதைவிட வேற என்னய்யா வேணும்? நீயே தலைவர் வீட்டுக்கு வந்து உன் வாயால சொல்லிடு. ஆர்டரை நான் கையோட எடுத்துட்டு வர்றேன். அவர் கிழிக்கணும்னா கிழிச்சுக்கட்டும்."

தலைவரின் வீட்டுக்கு அவன் அதுவரை போனதில்லை. கூடத்தில் ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தலைவரின் படங்கள். தலைவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். துக்க வீட்டுக்குப் பிறகு பயிற்சியை நிறுத்தியிருந்ததால் முகம் மறுபடியும் பூட்டிய கடையாகியிருந்தது. மேனேஜர் ஆர்டரை மேசைமேல் வைத்தார். டிசைனர் அதன் பக்கத்தில் வாயை வைத்தான்.

"கிடைக்கலைங்க ஐயா. பொம்பளை வாய்னு மட்டும் தெரியுது."

"பொம்பளை வாயா? என் மூஞ்சியிலயா?"

"மன்னிச்சுடுங்க ஐயா."

தலைவர் ஆர்டரை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்தார். டிசைனருக்குக் கட்டில், குழாய், இன்னும் சொல்லாதது எல்லாம் அந்தத் தாளோடு சேர்ந்து கிழியப்போவது தெரிந்தது.

அப்போது தலைவரின் மனைவி தேநீரோடு வந்தார். மெலிந்தவர். நகராட்சி விழாக்களில் தலைவருக்குப் பின்னால், உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறவர். கோப்பைகளை வைக்க மேசையில் இடம் தேடியவர், படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். குனிந்து, விரலால் அந்தக் குறுக்குப் பல்லைத் தொட்டார்.

"இது என் வாயாச்சே."

மேனேஜர் படத்தையும் அந்த அம்மாவின் வாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உன் வாயா?" என்றார் தலைவர். "ஊரெல்லாம் இருக்கே, இத்தனை நாளா நீ பார்க்கலையா?"

"மீசையோட பார்த்தப்ப தெரியல. எங்கயோ பார்த்த மாதிரி மட்டும் இருந்துச்சு." அவர் தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டார். "இப்படி ஒருநாள்தான் சிரிச்சேன். அதனால ஞாபகம் இருக்கு. அந்தப் படம் எடுத்த ஆளுகூட எதிர்லதான் நின்னார்."

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "பார்த்தியாய்யா! ஊர் பூராத் தேடினோம். வீட்டுலயே இருக்கு! நம்ம வீட்டுச் சிரிப்பு, நம்ம மூஞ்சியில. இதுல என்னய்யா தப்பு?"

"ஒரு தப்பும் இல்லைங்க ஐயா" என்றார் மேனேஜர், ஒரு பெருமூச்சோடு.

"சரி, இப்பச் சொல்லு. எதைப் பார்த்து அப்படிச் சிரிச்சே?"

"அது எதுக்கு இப்ப, விடுங்க."

"அட, எதுக்கா? நாளைக்கு மேடை இருக்கு. நீ எதைப் பார்த்துச் சிரிச்சியோ அதையேதான் நான் மனசுல நினைச்சுக்கப்போறேன். பசங்க விஷயமா? உங்க அம்மா வீட்டு விசேஷமா? சொல்லு."

டிசைனருக்கும் அது தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. வேலையை மறந்து, அந்த இறுகிய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது திறந்தால் எப்படியிருக்கும் என்று அவனுக்குத்தான் ஊரில் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அவர் மேசையைப் பார்த்தார். கணவரின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். டிசைனரின் முகத்தைப் பார்த்தார்.

"முதல்ல இந்தத் தம்பிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அப்புறம் சொல்றேன்."

"அவ்வளவுதானே?" தலைவர் தாளை மேசையில் விரித்து, இழுத்து ஒரு கையெழுத்துப் போட்டார். மேனேஜர் முத்திரை குத்தினார். தாள் டிசைனரின் கைக்கு வந்தது.

"மடிச்சுப் பையில வச்சுக்கங்க தம்பி" என்றார் அந்த அம்மா. அவன் வைத்துக்கொள்ளும் வரை காத்திருந்தார்.

தலைவர் வசதியாக உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயைச் சிரிக்கத் தோதாக வைத்துக்கொண்டார். "ம், சொல்லு."

"ஓட்டு எண்ணின அன்னைக்கு, முதல்ல நீங்க தோத்துட்டீங்கன்னு தப்பா அறிவிச்சாங்களே... அப்ப எடுத்தது."