குப்பியில் அடைத்த காடு

மூச்சு மகான் தங்கியிருந்த மாடியறைக்குக் கீழே தெருவே வரிசையாக நின்றது. வாசலில் குவிந்த செருப்பைக் கொண்டு தனிக்கடை போடலாம். வரிசையில் துணிக்கடைக்காரரும் நின்றார். தன்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்று சொல்லித் திரிபவர். பட்டு என்று சொல்லி யார் எதை நீட்டினாலும், ஒரு நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்தி, அசல்தானா என்று முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்.

மகானின் மேசையில் மூடிய கண்ணாடி ஜாடி, அடியில் ஈரமான காட்டு மண். மூடியைத் திறந்து எரியும் மெழுகுவத்தியை உள்ளே இறக்கினார். பொசுக்கென்று அணைந்தது. கூட்டம் கைகூப்பியது.

"காடு மூச்சு விடுது. நெருப்பையே விழுங்குற மூச்சு, உங்க இளைப்பு நோயை விழுங்காதா?"

அதே மண்ணில் ஒரு பிடி போட்டு மூடிய குப்பிகள் விற்பனைக்கு இருந்தன. முகர்ந்தால் போதும். டாக்டர் மருந்தைத் தொட்டால் மட்டும் காடு கோபித்துக்கொள்ளுமாம்.

கடைக்காரர் விலையைக் குறைக்கச் சொன்னார். மகான் மசியவில்லை. இறங்கிவராதவன் சரக்கு அசலாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, மனைவிக்காகப் பை நிறைய வாங்கினார். வியாபார மூளை வேலை செய்த லட்சணம் அது.

வீட்டில் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மூச்சுக்குத் திணறினாள். இன்ஹேலர் அலமாரிக்குள். சாவி இவர் இடுப்பில்.

"அத்தான், சாவியைக் குடுங்க," என்றாள் மச்சினி.

"காடு கோவிச்சுக்கும்மா."

"அக்காவுக்கு ஏதாவது ஆனா நான் கோவிச்சுக்குவேன். எது பரவாயில்ல?"

சாவி கைமாறியது. மருந்து உள்ளே போனதும் மனைவியின் தோள்கள் தணிந்தன. மச்சினி ஒரு குப்பியைத் திறந்து எரியும் தீக்குச்சியை நுழைத்தாள். அணைந்தது.

"நெருப்பே நிக்காத காத்து. இதை இழுத்தா அக்கா எப்படி நிப்பா?"

"அது காட்டு மண்ணோட சக்தி..."

மச்சினி வாசல் பூந்தொட்டியிலிருந்து ஈர மண்ணையும் மக்கிய இலையையும் அள்ளி ஒரு ஜாடியில் இறுக மூடி வைத்தாள். சில நாள் கழித்து அத்தானைக் கூட்டிக்கொண்டு, ஜாடியையும் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். கூட்டத்தின் முன்னால் மெழுகுவத்தியை இறக்கினாள். பொசுக்.

"இது எந்தக் காட்டு மண்ணு?" என்றார் மகான், குரல் இறங்கி.

"எங்க வீட்டுப் பூந்தொட்டி. மண்ணுக்குள்ள வேரும் புழுவும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் நம்மள மாதிரியே மூச்சு விடுது. காட்டுல அந்தக் காத்து வெளியே கலந்துடும், வெயில்ல இலைங்க எடுத்துக்கும். ஜாடிக்குள்ள அதுக்குப் போக்கிடம் ஏது? நீங்க விக்கிறது மண்ணு விட்ட கழிவு மூச்சு, சாமி. நல்லதுன்னா ஒரு குப்பியை நீங்களே இழுங்க, பாப்போம்."

மகானுக்குத் தியான நேரம் வந்துவிட்டது. அது அவரைப் பின்படிக்கட்டு வழியாக இறக்கிக்கொண்டு போனது.

கூட்டத்தில் ஒருவர் கடைக்காரரின் தோளைத் தொட்டார். "அண்ணே, அந்தப் பூந்தொட்டி என்ன விலை வரும்?"

கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"முழ நூலுக்கே கொளுத்திப் பாக்குற நான், பொண்டாட்டி மூச்சுக்கு ஒரு குச்சி செலவழிக்கல. இது இனாம்தான் தம்பி. நீயாவது வாங்கறதுக்கு முன்னாடி உரசு."