ஷர்மிளாவுக்கு ஒரு மணி

காலை பதினோரு மணிக்கே தையல் பிரிவு மொத்தமும் சாப்பாட்டுக்கு எழுந்து நின்றது.

மேனேஜர் தேவசகாயம் ஓடி வந்தார். "இன்னாப்பா ஃபஹீம், உன் வேலையா?"

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஃபஹீம் தலையைச் சொறிந்தான். அவன் வேலைதான். ஷூ தைக்கும் ஷர்மிளாவுக்குக் காது கேட்காது. சாப்பாட்டு மணிக்காகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தைப்பாள். அது இவனுக்குப் பொறுக்கவில்லை. யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்த ஒரு போன் ஆப்பைப் பிடித்தான். மணியோசை கேட்டால் போன் அதிரும்படி மாற்றினான்.

"இனிமே கடிகாரத்த பாக்காத" என்று எழுதிக் காட்டினான். அவளும் நம்பினாள். உலகமே பயனடையட்டும் என்று தன் திருத்தத்தை இணையத்திலும் ஏற்றிவிட்டான், புண்ணியவான்.

நேற்று தையல் மெஷினின் அதிர்வில் போனின் அதிர்வு அவளுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் பிரிவே பட்டினி கிடந்தது. அவளை விட்டுவிட்டுச் சாப்பிட யாருக்கும் மனசு வரவில்லை என்று ஃபஹீமுக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே அதிர்வை எடுத்துவிட்டு வெளிச்சம் மின்ன வைத்தான். இன்று யாரோ சுத்தியலால் அடித்த சத்தத்துக்கே அது மின்னித் தொலைத்தது. ஷர்மிளா எழுந்தாள். எல்லாரும் எழுந்தார்கள்.

"மதியமும் இப்டி ஆச்சின்னா அந்தப் பொண்ண பேக்கிங்குக்கு மாத்திடுவேன்" என்றார் தேவசகாயம். அங்கே சம்பளம் கம்மி. அவர் உதட்டைப் பார்த்தே விஷயம் புரிந்துகொண்ட ஷர்மிளாவின் முகம் வாடியது. ஃபஹீமுக்கு அழுகையே வந்தது.

சின்னச் சத்தத்துக்கெல்லாம் மின்னாதே என்று ஆப்பை அடக்கி வைத்தான். அது ரொம்பவே அடங்கிவிட்டது. ஒரு மணிக்கு அடித்த மணியைக் கூடக் கண்டுகொள்ளவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஃபஹீம் ஓடிப்போய்ப் பார்த்தான். ஷர்மிளா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஒருவரும் அசையவில்லை.

"உங்க பாசம் புரியுதுக்கா! அதுக்காக நீங்களும் பட்டினி கெடக்கணுமா?" என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினான்.

பின்னாலேயே வந்த தேவசகாயம் ஷர்மிளாவைப் பார்த்துக் கையசைத்தார். "வாம்மா, பேக்கிங்குக்கு."

பக்கத்து மெஷின் சவுரியம்மாள் பதறிப்போய் ஷர்மிளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவள அனுப்பிட்டா நாங்க எப்ப சார் சாப்புடறது? இந்த மெஷின் சத்தத்துல எங்களுக்கு என்னிக்கு மணி கேட்டுச்சி? இவ எழுந்தாத்தான நாங்க எழுவோம்!"