காபூலில் நுனி, ஓடைப்பட்டியில் தூர்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் பல்செட்டு எனக்கே பொருந்தாமல் போகட்டும்: உலகத்து நீலக்கற்களெல்லாம் பிறந்த இடம் ஓடைப்பட்டி நல்லகண்ணுவின் கிணறு. 1937-இல் ஒரு கமிட்டியே கூடி நிரூபித்த உண்மை.

நல்லகண்ணுவுக்கு அப்போது விஞ்ஞானக் கவலை ஏதுமில்லை. கிணற்றில் முப்பதடியில் பாறை மறித்துவிட்டது. மேலே மிளகாய்ச் செடிகள் துவண்டு நின்றன. ஒரு வாரத்தில் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் அடுப்புக்குத்தான். அந்த நேரம் பார்த்துப் பாறை இடுக்கில் சுண்டைக்காய் அளவு நீலக்கல் ஒன்று கிடந்தது. பொன்தூள் தெளித்தாற்போல் மினுக்கம். அதை மடியில் முடிந்துகொண்டு உத்தமபாளையம் புறப்பட்டவனை வழியில் மறித்தார் சோசியர் மொக்கைச்சாமி.

மறுநாளே, ஓய்வுபெற்ற தாசில்தார் ஞானதுரை தலைமையில் 'நீலக்கல் பூர்வீக விசாரணைக் கமிட்டி' கிணற்று மேட்டில் கூடிவிட்டது.

"இது ராஜவர்த்தம். பித்தத்தை அடக்கும், சனியை அடக்கும், கோர்ட்டுல எதிராளி வாயையும் அடக்கும்," என்றார் சோசியர்.

"அது காபூல் பக்கத்து மலையில்ல வெளையும்?" என்றார் தலைவர்.

"அங்கன இருக்கது நுனிங்க. தூரு இங்கன இருக்கு."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"ஐயா," என்றான் நல்லகண்ணு, "முந்தாநாளு உத்தமபாளையம் சவுளிக்கடை அமானுல்லா பாய் கெணத்த எட்டிப் பாத்தாக. அப்ப அவுக கையில..."

"ஏலே, விஞ்ஞானம் பேசுற எடத்துல சவுளிக்கடை எதுக்கு?" என்று அதட்டிய தலைவர், கல்லைத் திருப்பினார். "சோசியரே, நடுவுல தொளை இருக்கே?"

"கல்லு மூச்சு விடணும்ல?"

'சுவாசத் துவாரம் ஒன்று' என்று குறிப்பேட்டில் ஏறியது.

நல்லகண்ணு மறுபடி வாயைத் திறந்தான். அதற்குள் தலைவர் உத்தரவிட்டார்: "தூரைப் பாக்காம விடப்படாது. எட்டு ஆளு, வெடிமருந்து, எல்லாம் கமிட்டி பொறுப்பு. ஒடைங்க பாறைய!"

திறந்த வாயை நல்லகண்ணு கொட்டாவியாக்கி மூடிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் பாறை பிளந்து தண்ணீர் பீறிட்டது. கமிட்டி கலங்கவில்லை. 'நீலக்கல், தன் இளம்பருவத்தில் நீராக இருக்கும்' என்று எழுதிக்கொண்டது.

"அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியேப்பா?" என்றார் தலைவர், கிளம்பும்போது.

"தண்ணி இனிக்கும்னு சொல்ல வந்தேஞ் சாமி."

அறிக்கை நாற்பது பக்கம். இடமில்லாமல் விடுபட்டது ஒரே ஒரு விவரம்: அந்தச் சுவாசத் துவாரத்துக்குள் அறுந்த பச்சை நூல் ஒன்று இருந்தது, மிச்ச நூலும், தொண்ணூற்றொன்பதில் மிச்சத் தொண்ணூற்றெட்டு நீல மணிகளும் அமானுல்லாவின் தஸ்பீகு ஜெபமாலையில் இருந்தன.